தையலில் நிற்கும் ஈரம்

எங்கள் ஊர் கானகோட்டில் ஆனி மாதத்துத் திருவாதிரை மழை பிடித்துவிட்டால் துணி காய்வதைப் பற்றி யாரும் பேசமாட்டோம். பேசி என்ன ஆகப்போகிறது? புனர்பூசம், பூசம், ஆயில்யம் என்று நட்சத்திரம் மாறி மாறிப் பெய்யும். பெயர்தான் மாறும், மழை மாறாது. உடுத்திய துணி உடம்புச் சூட்டில் காய்ந்தால் உண்டு. கம்பளி, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் மழைக்கு முன்பே துவைத்து, மொறுமொறுவென்று வெயிலில் காயவைத்துப் பெட்டிக்குள் போட்டுவிடுவோம். அதற்குப் பிறகு வெயில் முகம் காட்டும்வரை விரித்த விரிப்பு விரித்ததுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாக்குத் தோட்ட முதலாளி பட்டர் வீட்டிலும் அதே கதைதான்.

அந்த வருஷம் பங்காரி மட்டும் தினமும் விரிப்பு துவைத்தாள்.

அவள் வீடு எங்கள் வீட்டுக்குக் கீழே. நடுவில் ஒரு சரிவும் ஒரு பலாமரமும். நான் தையல்காரி, மெஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். அதனால் அவள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பாத்திரம் உருண்டாலும் எனக்குத் தெரியும். வனஜா வேவு பார்க்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பங்காரியின் புருஷன் ஹூவப்பா பாக்கு மரம் ஏறுகிறவன். மழை வலுப்பதற்குள் குலைகளுக்கு மருந்து அடித்தாக வேண்டும். அடிக்காவிட்டால் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து காயெல்லாம் அழுகிக் கொட்டிவிடும். அந்த அழுகலை எங்கள் பக்கம் கொளெ என்பார்கள். நீலக்கல் மாதிரி இருக்கும் மயில்துத்தத்தைக் கரைத்துச் சுண்ணாம்புத் தண்ணீரோடு கலந்தால் அதுதான் மருந்து. கலவை சரியா என்று பார்க்க ஹூவப்பா அரிவாள் முனையை அதில் முக்கி எடுப்பான். இரும்பில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். ஒரு மரத்தில் ஏறினான் என்றால் இறங்கமாட்டான். பலாக்கட்டையில் செய்த மணையைக் கயிற்றில் மாட்டி அதில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து மரத்தைக் கொக்கியால் இழுத்துத் தாவித் தாவித் தோட்டத்தையே முடித்துவிட்டு வருவான். அந்த வருஷம் பட்டர் தோட்டத்தில் அவன் தாவிய மரம் நடுவில் உளுத்திருந்தது. மரத்தோடு விழுந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, முதுகெலும்பு போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மார்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. கை இரண்டும் மட்டும் பழைய கை, இரும்பு மாதிரி. ஒரே மகள் சாகர் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், நிறைமாதம், வர வழியில்லை. ஆக, பார்ப்பதற்குப் பங்காரி ஒருத்திதான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுகாதார நிலையத்திலிருந்து பிலோமினா சிஸ்டர் குடையை மடக்கிக்கொண்டு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். சிஸ்டர் மங்களூர்க்காரி, பேச்சுக்குப் பேச்சு 'மாராய்த்தி' என்பாள், 'அம்மா தாயே' என்கிற மாதிரி. வாயும் கொஞ்சம் நீளம், மனசும் கொஞ்சம் நல்லது.

"கேட்டுக்கோ பங்காரி. இவருக்கு இனிமே எதிரி யாருன்னா, இந்த விரிப்புதான். ஈரம் இருக்கக் கூடாது. சுருக்கம் இருக்கக் கூடாது. மூத்திரம் பட்டா அந்த நிமிஷமே மாத்தணும். கொதிக்க வெச்சு, அலசி, நல்ல வெயில்ல போட்டு..."

பங்காரி வாசலைப் பார்த்தாள். கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் திரை கட்டி விழுந்துகொண்டிருந்தது.

"வெயிலு எந்தக் கடையில சிஸ்டர் விக்குது?"

"அடுப்புலயாவது காய வை மாராய்த்தி. ஆனா முழுசாக் காயணும். முதுகுல புண்ணு வந்துட்டா அப்புறம் யாராலயும் முடியாது. மொதல்ல ஒரு பாக்கு அளவுதான் வரும். விட்டா எலும்பு வரைக்கும் போயிடும்."

"எனக்குத்தான் வலிக்காதே சிஸ்டர்," என்றான் ஹூவப்பா. "அப்புறம் என்ன பயம்?"

"வலிக்காததுதான் உன் கேடே. வலிச்சா நீ கத்துவ, இவ ஓடி வருவா. உன் முதுகு இனி வாயில்லாத ஜீவன். இவதான் பாத்துக்கணும்."

அன்று பங்காரி பெட்டியைக் கவிழ்த்தாள். உருப்படியான விரிப்பு இரண்டுதான் தேறியது. மீதிக்குத் தன் பருத்திச் சேலைகளை எடுத்து என்னிடம் கொடுத்தாள். ஒரு சேலை அகலம் கட்டிலுக்குப் போதாது. ஒட்டுப் போடத்தான் வேண்டும். தையல் முதுகுக்கு அடியில் வரக்கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால் ஒரு பக்கம் அகலமாக, ஒரு பக்கம் குறுகலாக வைத்து, தையல் கட்டில் ஓரத்துக்குப் போகும்படி மடக்கித் தைத்துக் கொடுத்தேன். பிரியாமல் இருக்கட்டும் என்று இரண்டு ஓட்டு ஓட்டினேன். தினமும் துவைத்துப் பிழியும் துணி அல்லவா.

அந்தத் துவைப்பு லேசுப்பட்டது இல்லை. விடிந்ததும் அழுக்கு விரிப்பைப் பச்சைத் தண்ணீரில் முதலில் அலச வேண்டும். மலமும் மூத்திரமும் பட்ட துணியை எடுத்த எடுப்பில் வெந்நீரில் போட்டால் கறை உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு கட்டிச் சோப்பு போட்டுக் கல்லில் கும்முவாள். அடுத்து குளிக்கும் கொட்டகை அடுப்பில் இருக்கும் பெரிய செம்பு அண்டாவில் சோடா உப்போடு கொதிக்கவிட்டு, கழியால் கிளறி, அலசி, மறுபடி அலசி, சோப்பு வழுவழுப்பு போகும்வரை அலசுவாள். வானத்திலிருந்து அவ்வளவு தண்ணீர் கொட்டும்போது கிணற்றில் இறைத்து அலசுகிறாளே என்று எனக்குச் சிரிப்பாக வரும். சிரித்துவிட்டு இறங்கிப் போவேன், பிழிய ஆள் வேண்டுமே. நீள விரிப்பைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் ஒரு முனை, இன்னொருத்தர் மறு முனை, எதிரெதிராக முறுக்க வேண்டும்.

நான்கைந்து நாள் நான் போனேன். பிறகு போனபோது பங்காரி விரிப்பின் ஒரு முனையோடு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். மறு முனை பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போயிருந்தது. கட்டிலை வாசலோரம் இழுத்துப் போட்டிருந்தாள். உள்ளே ஹூவப்பா மல்லாந்து படுத்தபடியே முனையைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான்.

"என்னடி, முறுக்கறியா, இல்ல தாலாட்டறியா?"

"பேசாம பிடிங்க. கட்டிலோட சேத்து வெளிய இழுத்துடுவேன்."

"இழு பாப்போம். வெளிய வந்தா நல்லதுதான். மழையில நனைஞ்சு எத்தனை நாளாச்சு."

"போதும், நீங்க நனைஞ்சது போதும்."

"வனஜக்கா, பாத்தியா? மரத்து மேல இருந்தப்போ இவ வாயே திறக்க மாட்டா. இப்போ நான் கீழ, இவ மேல."

அவன் பிடித்துப் பிழிந்த துணியில் சொட்டுத் தண்ணீர் மிஞ்சாது. எனக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. ஆனாலும் போவேன். இருவரும் அந்த முறுக்கின இழுப்பில் இருக்கும்போது பார்க்க நன்றாக இருக்கும், அதனால்தான்.

பிழிந்தால் ஆயிற்றா? காய வேண்டும். கொட்டகை அடுப்புக்கு மேலே மூங்கில் கழிகளைக் கட்டி அதில் விரித்துப் போட்டாள். தாழக் கட்டினால் பொறி பறந்து ஓட்டை விழும், உயரக் கட்டினால் புகைதான் போகும், சூடு போகாது. ஒரு பக்கம் காய்ந்ததும் புரட்டிப் போட வேண்டும். அடுப்பை விட்டு நகர முடியாது. மழைக்காலத்தில் குளிர்ந்த துணியும் ஈரத் துணியும் கைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அதிலும் சோடா உப்பில் ஊறி வெடித்த கைக்கு எதுவுமே தெரியாது. கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு முழமாகக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டே போவாள். கடைசியாகத் தையலுக்கு வருவாள்.

"உன் தையல்தான்க்கா எமன். துணி காஞ்சாலும் இது காயமாட்டேங்குது."

"நாலு மடிப்புடி அது. மெதுவாத்தான் காயும்."

"மெதுவாவா? அங்க அவரு வெறும் பிளாஸ்டிக்ல கிடக்காரு."

நான் என் கரி இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தையல் மேல் மட்டும் நாலு இழுப்பு இழுத்துவிட்டு விரித்துப் போடுவாள். விரித்தபின் அவன் பக்கத்தில் குனிந்து கேட்பாள்.

"ஈரமா இருக்கா?"

"இல்ல. நல்லா சூடா இருக்கு."

அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? தோள்பட்டை மட்டும் சொல்லும். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் தினமும் கேட்பாள், அவனும் தினமும் அதையே சொல்வான்.

விறகுதான் முதலில் கைவிட்டது. மழைக்காலத்துக்கென்று அடுக்கி வைத்த விறகு கஞ்சி காய்ச்சவும் குளிக்கவும்தான் கணக்கு. இரவும் பகலும் விரிப்பு காயவைக்க யார் அடுக்கி வைத்தார்கள்? அடுக்கு கரைந்தது. தென்னை மட்டை போயிற்று, தேங்காய் ஓடு போயிற்று, மாட்டுக் கொட்டிலின் குறுக்குச் சட்டங்கள் போயின. மாட்டை அவிழ்த்து என் வீட்டில் கட்டிவிட்டாள். பட்டரிடம் காய்ந்த பாக்குத் தோல் கேட்டாள். அவர் பெரிய மனசு பண்ணி இரண்டு மூட்டை அனுப்பினார். நனைந்த தோல். அடுப்பு புகைந்து இருமியதுதான் மிச்சம்.

"அந்த மணை மூலையில சும்மாதானே கிடக்கு," என்றான் ஹூவப்பா ஒருநாள். நான் மூங்கில் குருத்துக் குழம்பு கொண்டுபோயிருந்தேன். "பலாக்கட்டை. உள்ள போட்டா நின்னு எரியும்."

"அதை எரிச்சுட்டு எதுல உக்காந்து மருந்து அடிப்பீங்க?"

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"வனஜக்கா, இவகிட்ட நீயாவது சொல்லேன்."

குழம்பு ஆறிவிடும், சாப்பிடு என்றேன். பங்காரி மணையை எடுத்துத் துடைத்து, சுவரில் ஆணி பார்த்து மாட்டினாள்.

விறகு குறைந்ததும் துணி காய்வதும் குறைந்தது. அரை ஈரத்தில் மடித்து வைத்த விரிப்புகளில் கரும்புள்ளிகள் விழத் தொடங்கின. முதலில் ஓரத்தில் நாலைந்து, பிறகு துணி முழுக்க. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகவில்லை. அழுகின பாக்கு வாடை வேறு. வீட்டுக்குப் பின்னால் அவர்களுக்கென்று இருந்த சொற்ப மரங்களுக்கு அந்த வருஷம் மருந்து அடிக்க ஆளில்லை. பூஞ்சை படர்ந்த காய்கள் சகதியில் பொத் பொத்தென்று விழும் சத்தம் இரவும் பகலும் கேட்கும். அந்தச் சமயத்தில்தான் ஹூவப்பாவின் இடுப்புக்குக் கீழே, முதுகு முடிகிற இடத்தில், சிவப்பாக ஒன்று வந்தது. சிஸ்டர் சொன்ன அதே பாக்கு அளவு.

பங்காரி என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள்.

"எல்லாம் இந்தப் புள்ளியாலக்கா. துணியில இருக்கறது உடம்புல இறங்குது."

"சிஸ்டர் வரட்டும்டி, கேப்போம்."

கட்டிலிலிருந்து ஹூவப்பா சொன்னான்: "இதுக்கு சிஸ்டர் எதுக்கு? கொளெதானே? குலைக்கு அடிக்கற மருந்தை என் முதுகுக்கும் ரெண்டு அடி அடிச்சுவிடுங்க, ஓடிப்போயிடும்."

நாங்கள் மூவருமே சிரித்தோம். வெகுநாள் கழித்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்த வாரம் ஓடைப் பாலம் போயிற்று. பாலம் என்ன பாலம், நாலு பாக்கு மரத்தைச் சேர்த்துக் கட்டினது. வெள்ளம் அதைக் கயிற்றோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. சிஸ்டர் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அதோடு எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். எழுந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தபோது பங்காரி வீட்டுக் கொட்டகையில் தொங்கிய விரிப்புகளைப் பார்த்தேன். புள்ளி ஒன்றும் புதிதாக இல்லை. சலவைக்கு நீலம் போட்டமாதிரி இளநீலமாக இருந்தன. நீலத்தைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கிப் போனால், பங்காரி தலை வாரிப் பூ வைத்திருந்தாள். அடுப்பில் அரிசி ரொட்டி வெந்துகொண்டிருந்தது.

"வாக்கா, உடம்பு தேவலையா? மோந்து பாரு." விரிப்பு ஒன்றை என் மூக்கில் திணித்தாள். "அந்த நாத்தம் இருக்கா?"

இல்லை. லேசாக ஏதோ ஒரு உலோக வாடை, அவ்வளவுதான்.

"நீ வராத நேரத்துல உன் சிநேகிதி பெரிய வண்ணாத்தி ஆயிட்டா," என்றான் ஹூவப்பா. "ரெண்டு நாளா விரிப்புல புதுப் புள்ளியே இல்ல. ராத்திரி நல்லாத் தூங்கறேன்."

"புண்ணு?"

"பஞ்சு வெச்சுக் கட்டியிருக்கேன்க்கா. இப்போ அவிழ்த்தா காத்துப் பட்டுடும். சிஸ்டர் வந்து அவிழ்க்கட்டும்."

பங்காரி எனக்கு ரொட்டியும் சுட்ட பலாக்கொட்டையும் வைத்தாள். தானும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஹூவப்பா கட்டிலில் விழுந்த நாளிலிருந்து அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான். இந்த மனுஷி எப்படியோ மழையை ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பாலம் கட்ட ஆள் வருவதற்குள் பொறுக்காமல், சிஸ்டர் பட்டர் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு நனைந்து ஒட்டிய சேலையோடு வந்து சேர்ந்தாள். வந்ததும் வராததுமாக ஹூவப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பஞ்சை எடுத்தாள். நான் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் குனிந்து சுற்றிலும் விரலால் அழுத்திப் பார்த்தாள். எட்டிப் பார்த்தேன். பாக்கு அளவு இல்லை, உள்ளங்கை அளவு. விளிம்பு முழுக்கக் கரிந்த மாதிரி பச்சை பாய்ந்திருந்தது. புண் இல்லாத இடத்திலும், தோள்பட்டைக்குக் கீழே முதுகு முழுக்க, தோல் வெந்து கொப்புளம் கொப்புளமாக உரிந்திருந்தது.

"என்ன போட்டீங்க இதுக்கு?"

"ஒண்ணும் போடல சிஸ்டர்," என்றாள் பங்காரி. "நீங்க அன்னைக்குக் குடுத்துட்டுப் போன மருந்துதான்."

"பொய் சொல்லாத. இது சுட்ட புண்ணு. எதுல படுக்க வெச்ச?"

பங்காரி விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கடைசி அலசல்ல... கொஞ்சம் மயில்துத்தம் கரைச்சு முக்கினேன். புள்ளி விழாம இருக்கும்னு. மரத்து மருந்து மேலயே காஞ்சாத்தான் வேலை செய்யும்னு, அப்புறம் அலசல."

ஹூவப்பாவின் தோள் என் கைக்குள் விறைத்தது.

"சுண்ணாம்பு சேத்தியா?" என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான்.

"இல்லீங்க. சுண்ணாம்பு போட்டா துணியில வெள்ளையா ஒட்டிக்கும், உங்க முதுகை அறுக்கும்னு..."

எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சுண்ணாம்பு சேராத மருந்தை அடித்தால் பூஞ்சையும் சாகும், இலையும் கருகும். அதைத் தடுக்கத்தானே சுண்ணாம்பு. பங்காரிக்கும் தெரியும், அவள் எத்தனை வருஷம் மருந்து கலக்கத் தண்ணீர் சுமந்தவள். மரம் என்றால் மறந்திருக்கமாட்டாள். துணி என்றதும் கறையைப் பற்றி யோசித்துவிட்டாள். இந்த மனிதனுக்கு முதுகில் கொஞ்சம் உயிர் இருந்திருந்தால் முதல் நாளே கத்தியிருப்பான். அவனோ நன்றாகத் தூங்குகிறேன் என்றான்.

"யாரு சொல்லி இந்த வேலை பண்ணின?" சிஸ்டர் கத்தினாள்.

"நான்தான் சொன்னேன் சிஸ்டர்," என்றான் ஹூவப்பா, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்தபடி. "மருந்து கலக்கறது நான்தானே. அவளுக்கு என்ன தெரியும்? வனஜக்காவும் கேட்டுச்சு. கேளுங்க."

சிஸ்டர் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றேன். அவன் சொன்னது உண்மைதானே. எப்படிச் சொன்னான் என்று அவள் கேட்கவில்லை. பங்காரி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். ஹூவப்பாவின் தம்பி கெரியப்பா பக்கத்து ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தான். அதற்குள் இரண்டு மரம் போட்டு ஓடையைக் கடக்க வழி செய்திருந்தார்கள். கம்பளியை மூங்கிலில் தொட்டிலாகக் கட்டி அவனைக் கிடத்தினார்கள். பங்காரியும் துணிமூட்டையோடு தயாராக நின்றாள்.

"நீ வராத," என்றான் ஹூவப்பா.

"நான் வராம யாரு பாப்பா?"

"தம்பி இருக்கான். நீ இங்க இருந்து அந்த விரிப்பெல்லாம் துத்தம் போக நல்லா அலசி வை. திரும்பி வந்தா நான் படுக்க வேணாமா?"

தன்மேல் கோபம் என்று நினைத்தாளோ, நம்பிக்கை என்று நினைத்தாளோ, மூட்டையைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கென்னவோ, அவள் அங்கே வந்து டாக்டர்களிடம் பேச்சு வாங்கக்கூடாது என்றுதான் அவன் அப்படிச் சொன்னான் என்று தோன்றியது. தொட்டில் தோப்பு முடுக்கில் திரும்பும்வரை அவன் கை ஒன்று வெளியே தொங்கி ஆடிக்கொண்டு போயிற்று.

அன்றிலிருந்து அவள் அலசினாள். கிணற்றடியில் அலசி, ஓடையில் அலசி, மறுபடி கொதிக்கவைத்து அலசினாள். நான் மறு முனையைப் பிடித்தேன். முதல் அலசலில் தண்ணீர் நீலமாக வந்தது. பிறகு வெறும் தண்ணீர்தான் வந்தது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் நீலம் தெரிந்தது.

"இன்னும் போகலக்கா."

"போயிடுச்சுடி. கண்ணாடி மாதிரி இருக்கு."

"நீ சரியாப் பாக்கல."

விரல் நுனியெல்லாம் அவளுக்கும் உரிந்துவிட்டது. காயவைக்க விறகு இல்லை. இருந்தாலும் காயப்போட அவளுக்கு மனசு வரவில்லை. பிழிந்தவுடனே திரும்பவும் தொட்டியில் போட்டுவிடுவாள். சாப்பிடு என்றால், அலசிட்டு வரேன் என்பாள்.

அந்த வாரமே ஹூவப்பா போய்விட்டான். விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்களாம். மழை அன்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு பெய்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, கெரியப்பாவும் ஆட்களும் தூக்கிக்கொண்டு வந்து முன்கூடத்தில் கிடத்தினார்கள். மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்தார்கள். அதை எடுத்ததும் உள்ளே தலையிலிருந்து கால்வரை வெள்ளை விரிப்பு சுற்றியிருந்தது.

பங்காரி அழவில்லை. பக்கத்தில் வந்து முழங்காலிட்டாள். முகத்தைத் திறந்து பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து, அவன் மார்பு மேல் இருந்த துணியில் கன்னத்தை வைத்தாள். கண்ணை மூடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி வைத்தாள்.

"நல்லாக் காஞ்சிருக்கு," என்றாள். தலையைத் தூக்கிக் கெரியப்பாவைப் பார்த்தாள். "இந்த மழையில எங்க காயப்போட்டாங்க?"

கெரியப்பா பெரிய ஆண்பிள்ளை. சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

கூடவே வந்த வண்டி டிரைவர், சின்ன வயசுக்காரன், வாசலில் நனைந்தபடி நின்றான். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சங்கடப்பட்டுச் சொன்னான்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த விரிப்பு ஆஸ்பத்திரிது. திருப்பிக் கொண்டு போகலைன்னா எங்கிட்டதான் கேப்பாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பங்காரிக்குக் கேட்டுவிட்டது. எழுந்தாள்.

"குடுத்துடலாம். கொஞ்சம் இருங்க, வேற விரிச்சுடறேன்."

"அண்ணி, பாய்ல கிடத்திக்கலாம்," என்றான் கெரியப்பா. "நேரமாகுது. இருட்டறதுக்குள்ள தூக்கணும்."

"எந்தப் பாய்? தொட்டுப் பாரு. எல்லாம் ஈரம்." அவள் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "ஈரத்துல அவரைப் படுக்க வைக்க மாட்டேன்."

தொட்டியிலிருந்து ஒரு விரிப்பை எடுத்தாள். அவளுடைய கல்யாணச் சேலையைக் கிழித்து நான் தைத்துக் கொடுத்தது. ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். முறுக்கினோம். அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று தெரியவில்லை, என்னை இரண்டு அடி இழுத்துவிட்டாள். கொட்டகைக்குப் போய்க் கழியில் விரித்தாள். அடுப்பில் சாம்பல்தான் இருந்தது. சுற்றிலும் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த மணையை எடுத்து வந்தாள். கயிற்றை அறுத்துத் தனியாக வைத்தாள். வெட்டுக்கத்தியால் ஓங்கி இரண்டாகப் பிளந்தாள். ஒரு பாதியைச் சிம்புகளாக்கி அடுப்பில் வைத்து ஊதினாள்.

அவன் சொன்னது சரிதான். பலாக்கட்டை நின்று எரிந்தது. மஞ்சள் தீ, புகையே இல்லை.

விரிப்பிலிருந்து ஆவி எழும்பியது. அவள் புரட்டிப் போட்டாள், மறுபடி புரட்டிப் போட்டாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். அப்போதுதான் அவள் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சத்தமே இல்லை, தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

"எனக்குத் தெரியலக்கா," என்றாள். "என் கன்னம் ஈரமா இருக்கு. நீ பாரு."

நான் முகத்தைச் சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு விரிப்பில் வைத்துப் பார்த்தேன். சூடாக, மெத்தென்று காய்ந்திருந்தது. ஓரத்துத் தையலுக்கு வந்தபோது சில்லென்றது. வெளியே பார்த்தேன். ஆட்கள் கூரை விளிம்புக்கு அடியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

"காஞ்சிருச்சு பங்காரி."

அவள் என் முகத்தையே பார்த்தாள். விரிப்பை வாங்கித் தையலைத் தேடிப் பிடித்து, உதட்டுக்கு இடையில் வைத்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இழுத்துக்கொண்டே போனாள்.

"தையல்ல நிக்குதுக்கா," என்றாள்.

திரும்பவும் கழியில் போட்டு, தையல் தீக்கு நேராக வரும்படி இழுத்துவிட்டாள். மணையின் மறு பாதியை எடுத்து அடுப்புக்குள் தள்ளினாள். டிரைவர் பையன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தான். கெரியப்பா அண்ணன் காலடியில் உட்கார்ந்தான். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.